பொருளியல் காலி இல்லை

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக்கடை மாடியில், ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையம் இருக்கிறது. கதவில் ‘ஒருங்கிணைப்பாளர்: காசிராஜன்’ என்று எழுதியிருப்பது என்னைத்தான். பெயருக்குத்தான் ஒருங்கிணைப்பாளர். விண்ணப்பம் கொடுப்பது, புத்தகக் கட்டைப் பிரிப்பது, வகுப்பு நாளில் ஃபேன் போடுவது, சாயங்காலம் கூட்டிப் பெருக்குவது எல்லாம் நானேதான்.

பல்கலைக்கழகம் தருகிற படிப்புகளுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், சமூகவியல், பொது நிர்வாகம், உளவியல், வணிகவியல் என்று பட்டப்படிப்புகள் வரிசையாக இருக்கின்றன. அதற்குமேல் நூலக அறிவியல், யோகா, காளான் வளர்ப்பு என்று பட்டயமும் சான்றிதழும் வேறு. எல்லாவற்றையும் விளக்கி வழவழப்பான தாளில் கையேடு அச்சடித்து அனுப்புவார்கள். அதை முழுக்கப் படித்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வருகிறவர்கள் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “எது சார் ஈஸி?” என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஈஸியாக ஏதாவது வேண்டுமென்றால் வீட்டில் படுத்துத் தூங்கலாமே, அதற்கு எதற்கு மூன்று வருடம்?

ஒரகடத்திலிருந்து வரும் ஒயர் கம்பெனிப் பெண்கள் மட்டும் அப்படிக் கேட்பதில்லை. காருக்குள்ளே ஓடுகிற ஒயர்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி அது. அவர்கள் வரும்போதே முடிவு செய்துகொண்டு வருவார்கள். ஆனால் அந்த முடிவு விசித்திரமாக இருக்கும். ஒருத்தி வந்து, “ஹிஸ்டரி காலியா கீது சார், அத்தயே போட்டுடுங்க” என்பாள். அடுத்தவள், “சோசியாலஜில இன்னும் ஒரு ஆளுக்கு எடம் கீதுன்னாங்க” என்பாள். எங்களிடம் எந்தப் படிப்புக்கும் இத்தனை பேர்தான் என்கிற வரம்பே கிடையாது. ஊரே திரண்டு வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். பிறகு எங்கே காலி, எங்கே நிரம்பியது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் பிடிபட்டது. அந்தக் கம்பெனியில் வாரவிடுமுறை ஆளுக்கொரு நாளாகச் சுழற்சியில் வரும். ஞாயிற்றுக்கிழமையும் லைன், அதாவது ஒயர் கட்டுகிற வரிசை, ஓடும். எங்கள் தேர்வுகளோ சனி, ஞாயிறுகளில்தான், படிப்புக்குப் படிப்பு தேதி வேறு. ஒரு லைனில் ஒரே நாளில் இரண்டு பேருக்குமேல் லீவு கிடையாது என்பது அங்கே சட்டம். ஒரே லைனில் நாலு பேர் ஒரே படிப்பைப் படித்தால் நாலு பேருக்கும் ஒரே நாளில் தேர்வு வரும். இரண்டு பேர் பாடு அம்போதான். அதனால் அவர்களே தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு லைனில் ஒரு படிப்புக்கு இரண்டே பேர். முந்தி வருகிறவர்கள் பிடித்துக்கொள்ளலாம், பிந்தி வருகிறவர்கள் மிச்சம் இருப்பதில் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பங்கு பிரித்துக் கொடுப்பது லூர்தம்மாள் என்கிற மூத்த தொழிலாளி. அவர் பேச்சுக்கு லைனில் மறுபேச்சு கிடையாது.

இவ்வளவு படிப்புகளைக் கடை விரித்து வைத்திருக்கிறோம், இவர்கள் லீவுக்குத் தகுந்த படிப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போகிறார்களே என்று எனக்கு வயிறு எரியும். எரிந்து என்ன செய்வது? அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு.

இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காமல் வந்தவள் கலைமணி. முப்பத்தைந்து வயதுக்குப் பக்கத்தில் இருப்பாள். எழிச்சூர்ப் பக்கம் ஊர். வீட்டுக்காரர் பாண்டுரங்கன் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சேர்க்கை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் அவரையும் கூட்டிக்கொண்டுதான் மாடியேறி வந்தாள்.

“பி.ஏ. எக்கனாமிக்ஸ் கீதா சார்?”

“இருக்கும்மா.”

“ஒரு கம்பெனிய ஏன் தொறக்கிறான், ஏன் மூடுறான்றதெல்லாம் அதுல வருமா?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு படிப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கையேட்டைப் பிரித்துப் பாடத்திட்டத்தைக் காட்டினேன். தொழில் பொருளியல், தொழிலாளர் பொருளியல், பன்னாட்டு வணிகம் என்று ஒவ்வொரு தலைப்பிலும் விரலை வைத்து வைத்துப் படித்தாள்.

இதற்கு முன்னால் அவள் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் இருந்திருக்கிறாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்பெனி. ஓவர்டைம் பார்க்க ஆள் போதாது. ஒரு தீபாவளி முடிந்த கையோடு, ஆர்டர் புனேவுக்குப் போய்விட்டது என்று சொல்லி இழுத்து மூடிவிட்டார்களாம்.

“நானும் எல்லாரையும் கேட்டுப் பாத்துட்டேன் சார். சூப்பர்வைசரு ‘மேனேஜ்மென்ட் முடிவு’ன்னாரு. எங்க வூட்டுக்காரரு ‘நம்ம தலையெழுத்து’ன்றாரு. புனேல அப்டி இன்னாதான் கீதுன்னு எனக்குத் தெரியணும்.”

பாண்டுரங்கன் கையெடுத்துக் கும்பிட்டார். “சார், இவள எப்டியாவது சேத்துக்கோங்க. தெனிக்கும் என்னியப் போட்டுக் கொடயிறா. நான் ஆட்டோ ஓட்றவன் சார், எனக்கு புனே எந்தப் பக்கம் கீதுன்னே தெரியாது.”

சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அவள் முகம் சுண்டிவிட்டது.

“எங்க லைன்ல எக்கனாமிக்ஸ் காலி இல்ல சார். பிரவீனாவும் சத்யப்பிரியாவும் போன வாரந்தான் பணம் கட்டிட்டாங்க.”

அந்த இரண்டு பெண்களையும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பிரவீனா ஆங்கிலம் படிக்க ஆசைப்பட்டு வந்தவள். ஆங்கிலம் நிரம்பிவிட்டது என்று லூர்தம்மாள் பொருளியலுக்குத் தள்ளிவிட்டிருந்தார். சத்யப்பிரியாவுக்குப் பொருளியல் என்றால் என்னவென்றே தெரியாது. வேண்டாதவர்கள் கையில் இருந்தது, வேண்டும் என்று தவித்தவளுக்கு இல்லை. பணம் கட்டியபிறகு படிப்பை மாற்றிக்கொள்ளவும் பல்கலைக்கழகம் விடாது.

“லூர்தம்மா அக்கா, ‘பொது நிர்வாகம் காலியா கீது, அத்த எடுத்துக்கோ’ன்றாங்க. இல்லன்னா மூணு வருஷம் பொறுத்துக்கோ, இதுங்க ரெண்டும் முடிச்சிடும்ன்றாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் பொறுக்க மாட்டேன் சார்” என்றாள். கையேட்டை மட்டும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

சேர்க்கை முடியப்போகிற சமயத்தில் திரும்பி வந்தாள். இந்தத் தடவை தனியாக.

“லைன் மாறிட்டேன் சார். இப்ப மூணாவது லைன். அங்க எக்கனாமிக்ஸ் ரெண்டு எடமும் காலி.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதன் அருமை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பழைய லைனில் அவளுக்குச் செக்கிங் மேஜை. கட்டி முடித்த ஒயர்க் கட்டைச் சோதனைப் பலகையில் செருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை அந்தக் கம்பெனியில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்காக வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். மூன்றாவது லைனிலோ பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். கூடவே நடந்துகொண்டு ஒயரில் டேப் சுற்ற வேண்டும். ஷிஃப்ட் முழுக்க நின்றபடிதான். இரண்டு லைனுக்கும் சூப்பர்வைசர் தளவாய், தென்காசிப் பக்கத்துக்காரர். அவரிடம் போய் இவள் கேட்டதும், “எக்கா, ஒங்களுக்குக் கிறுக்கு புடிச்சிட்டா? அந்த மேசைக்கு எத்தன பேரு நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்காவ!” என்று தலையில் அடித்துக்கொண்டாராம்.

“கால் தாங்குமாம்மா?” என்று கேட்டேன்.

“வீங்கும். வீங்கினா வீங்கட்டும் சார். ஃபாரத்தக் குடுங்க.”

அவள் எழுதியதுபோல் அழுத்தி எழுதி யாரும் என் மேஜையில் விண்ணப்பம் நிரப்பியதில்லை. அடுத்த தாளிலும் அச்சு விழுந்திருந்தது.

இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. வகுப்பு நடக்கிற நாளில் வாரவிடுமுறை வருகிற மாதிரி யாரிடமாவது மாற்றிக்கொண்டு வந்துவிடுவாள். வந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சுக்கு அடியில் பாதங்களைச் சிமென்டுத் தரையில் அழுத்தி வைத்துக்கொள்வாள். குளிர்ச்சியாக இருக்குமாம். பாதம் இரண்டும் பன்னு மாதிரி உப்பியிருக்கும். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும். அவள் கண் கரும்பலகையை விட்டு நகராது.

ஒருமுறை பாடம் எடுக்க வந்த பேராசிரியர், தேவை குறைந்தால் விலை குறையும் என்று கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். கலைமணி எழுந்து, “சார், எங்க கம்பெனில ஆர்டர் கொறஞ்சா வெல கொறயிறதில்ல, ஆளுதான் கொறயிது. அது எந்தக் கோட்டுல வரும்?” என்று கேட்டாள். அவர் சந்தோஷமாகச் சிரித்து, “அது மூன்றாம் ஆண்டுப் பாடம், அவசரப்படாதீங்க” என்றார். “அப்ப மூணாம் வருஷம் வரிக்கும் வந்துடுறேன் சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பே சிரித்தது. எனக்குத் தெரியும், அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பிரவீனாவும் சத்யப்பிரியாவும் முதல் வருடமே படிப்பை விட்டிருப்பார்கள். விடாமல் இழுத்துப் பிடித்தவள் கலைமணி. லைன் வேறானாலும் மூன்று பேருக்கும் கம்பெனி பஸ் ஒன்றுதான். போகிற வழியில் இவள் பாடம் சொல்லிக்கொண்டே வருவாள். “எங்களுக்குப் புடிக்கவே இல்ல சார், ஆனா இந்த அக்கா ஒரு நாளும் வுட மாட்டாங்க. தூங்குற மாதிரி கண்ண மூடிக்கினாலும் எழுப்பி உக்கார வெச்சிக் கேள்வி கேப்பாங்க” என்று பிரவீனா என்னிடம் அலுத்துக்கொண்டாள். அலுத்துக்கொண்டாலும் இரண்டு வருடமும் தேறிவிட்டாள்.

மூன்றாம் வருடம் வந்தது வினை. வெளிநாட்டுக் கார்க்காரன் ஆர்டரைக் குறைத்துவிட்டான். கலைமணியின் பழைய லைனையும் மூன்றாவது லைனையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆட்களில் சிலர் காலையில் வந்து கார்டைத் தேய்த்தார்கள், கேட் திறக்கவில்லை. வேலை போனதற்கு அங்கே அதுதான் அறிவிப்பு. கலைமணியும் கான்ட்ராக்ட்தான். அவள் தப்பிவிட்டாள். ஆனால் இப்போது ஒரே லைனில் பொருளியலுக்கு மூன்று பேர். அந்தச் சமயம் பார்த்துத்தான் கடைசி வருடத் தேர்வு தேதியும் வந்தது.

உணவு இடைவேளையில் லூர்தம்மாள் பஞ்சாயத்தைக் கூட்டினார். முதலில் பணம் கட்டியவர்கள் பிரவீனாவும் சத்யப்பிரியாவும். அவர்கள் போகட்டும், கலைமணி அடுத்த வருடம் எழுதட்டும் என்று தீர்ப்பாயிற்று. பிரவீனாவுக்கு மனது கேட்கவில்லை.

“நான் போவலக்கா. நீ போ. எனக்கு இன்னா, இந்தப் படிப்பு வந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்.”

“வாய மூடு” என்றாளாம் கலைமணி. “வேணாத படிப்ப இவ்ளோ தூரம் இழுத்துக்கினு வந்துட்ட. இப்ப வுட்டுட்டா உனக்கு இன்னாதான் மிச்சம்? மூணு பேரும்தான் எழுதப் போறோம்.”

“எப்டி எழுதுவ?” என்று லூர்தம்மாள் கேட்டார்.

“ஹெச்.ஆர்.ல போய்க் கேக்கப் போறேன்.”

அவ்வளவுதான், சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன. ஹெச்.ஆர். அறைக்கு அவர்கள் யாரும் தானாகப் போனதில்லை. கூப்பிட்டால்தான் போவார்கள்.

“உனக்குப் புண்ணியமாப் போவும், கேக்காத” என்றார் லூர்தம்மாள். “கேட்டா, ‘ஓ, இதுங்க எல்லாம் படிக்குதுங்களா’ன்னு இப்பக் குடுக்கிற ரெண்டு லீவையும் நிறுத்திடுவான். உன்னால எல்லாருக்கும் போவும். உன் கார்டும் போவும்.”

லூர்தம்மாள் கெட்டவர் இல்லை. ஊர் வம்பு வேண்டாம், இருக்கிறது நிலைத்தால் போதும் என்று நினைக்கிறவர். பங்கு பிரித்துக் கொடுத்து அத்தனை பேரையும் படிக்க வைத்தவரும் அவர்தான். அதனால்தான் அன்றையிலிருந்து லைனில் யாரும் கலைமணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டேப் சுருள் தீர்ந்தால்கூட எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. அதுதான் சார் கால் வலியைவிட வலித்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. “வேலை முக்கியம்மா, பரீட்சை அடுத்த வருஷமும் வரும்” என்று புத்தி சொன்னேன். “அடுத்த வருஷம் நாலு பேர் ஆயிட்டா?” என்று திருப்பிக் கேட்டாள்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் தளவாயிடம் போய் நின்றிருக்கிறாள். “சார், ஒரு நாளைக்கி ரெண்டு பேருன்ற ரூலு யாரு போட்டது? அவரக் காட்டுங்க, நான் பேசிக்கிறேன்.”

தளவாய் தலையைச் சொறிந்தார். “எனக்கென்னக்கா தெரியும்? நான் வந்தப்பவே இந்த லைன்ல அப்படித்தான்னு சொன்னாவ. அதான் நானும் சொல்லுதேன்.” பிறகு, “சரி வாங்க, கேட்டுத்தான் பாத்துருவோமே. எனக்கும் தெரிஞ்சிக்கிட வேண்டாமா?” என்று கூடவே நடந்தார்.

ஹெச்.ஆர். அறையில் சசிரேகா என்கிற அதிகாரி இருந்தார். கலைமணி சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் விழித்தார்.

“ரெண்டு பேருன்னு யாரும்மா சொன்னது? அப்டி ஒரு ரூலே இல்லயே. ஹால் டிக்கெட்ட முன்னாடியே காட்டிட்டா ஷிஃப்ட் மாத்திக் குடுத்துடுவோம். காலையில எக்ஸாம்னா எழுதிட்டு செகண்ட் ஷிஃப்ட்டுக்கு வாங்க. இத்தன வருஷமா ஏன் ஒருத்தருமே கேக்கல?”

விசாரித்ததில் வெளியே வந்தது இவ்வளவுதான். எப்போதோ ஆர்டர் நெருக்கடி வந்த ஒரு மாதம், அப்போதிருந்த சூப்பர்வைசர் வாய்வார்த்தையாகச் சொன்னது அது. அந்த மாதம் முடிந்தது. அவரும் வேலையை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிறது. அவர் சொன்னது மட்டும் லைனில் தங்கிவிட்டது. அதைக் காப்பாற்றுவதற்காக இந்தப் பெண்கள் பல்கலைக்கழகத்தின் படிப்புகளையெல்லாம் கூறு போட்டு ஆளுக்கொரு பங்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹால் டிக்கெட் வாங்க வந்தபோது கலைமணி இதைச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். தண்ணீர் பாட்டில் உருண்டு போய்விட்டது.

“இல்லாத ஒரு ரூலுக்காகவாம்மா அந்த மேஜைய வுட்டீங்க? ரெண்டு வருஷத்துக்குமேல வீணா நின்னிருக்கீங்களே!”

“நானும் வூட்டுக்குப் போய் அழுதேன் சார். வூட்டுக்காரருகூட பயந்துட்டாரு. வேலதான் போச்சின்னு நெனச்சிக்கினாரு” என்றாள். உருண்ட பாட்டிலை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். “அழுது முடிச்சிட்டு யோசிச்சிப் பாத்தேன். அந்த மேஜையிலயே குந்திக்கினு இருந்திருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன் சார். எங்க அந்த எடம் போய்டுமோன்னு பயந்துக்கினு இருந்திருப்பேன். நின்னுக்கினு இருக்கிறவகிட்ட இருந்து அவன் இன்னாத்தப் புடுங்குவான்?”

அந்த வாரக் கடைசியில் லூர்தம்மாளும் மாடியேறி வந்தார். எனக்கு எதிரே உட்கார்ந்தார். வரலாறு முடித்துப் பட்டமும் வாங்கியவர் அவர்.

“எனக்குத் தமிழ்தான் சார் உசுரு” என்றார். “தமிழ் காலி இல்லன்னு ஹிஸ்டரிய எனக்கு யாரு குடுத்தா? நானேதான் குடுத்துக்கினேன். எல்லாருக்கும் நல்லா பண்றேன்னு நெனச்சிக்கினு பண்ணேன் சார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமிழுக்கு விண்ணப்பம் எப்போது தருவீர்கள் என்று கேட்டார். ஜூலையில் வாங்க என்றேன்.

பள்ளிக்கூடம் ஒன்றில் தேர்வு நடந்தது. நான் வாசலில் நின்று ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். கலைமணி, பிரவீனா, சத்யப்பிரியா மூன்று பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். மூன்று பேரும் கம்பெனிச் சீருடையில் இருந்தார்கள். பிரவீனா வாசலிலேயே தயங்கி நின்றாள். கலைமணி அவள் முதுகில் ஒரு தட்டு தட்டி உள்ளே தள்ளினாள். வாராவாரம் இப்படியே வந்து எழுதினார்கள். கடைசித் தாளையும் எழுதி முடித்து வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. செகண்ட் ஷிஃப்ட் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் ஓடினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் கொஞ்ச தூரம் அவர்கள் பின்னாலேயே ஓடினேன்.

பஸ் படியில் ஒரு காலை வைத்த கலைமணி திரும்பினாள்.

“சார், எம்.ஏ. எக்கனாமிக்ஸ் நம்ம சென்டர்ல கீதா?”

“இங்க கெடையாதும்மா! எம்.ஏ.வுக்கு செங்கல்பட்டு சென்டருக்குத்தான் போவணும்!”

“ஏன் இங்க இல்ல?”

“ரூலு அப்டிம்மா!”

பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஹாரன் சத்தத்துக்குமேலே கத்தினாள்.

“யாரு சொன்னது? கேட்டீங்களா சார்?”

திங்கட்கிழமை காலையில் மையத்தைத் திறந்ததும், முதல் வேலையாகப் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன்.